பென்சிலைத் தூக்கிய சனிக்கிழமை

நான் சுபாவத்திலேயே பயந்தவன். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். இப்படி ஒருவன் பாதி ஆயுசை மைக்குக்கு முன்னால் நேரலையில் பேசிக் கழித்தான் என்றால் என் மனைவியே இன்னும் நம்புவதில்லை. "உங்களுக்கு எப்படி அந்த வேலை கொடுத்தாங்க?" என்பாள். கொடுத்தவர்களுக்கே தெரியாது.

சென்ற மாதம் நொய்டாவிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். இணையத்தில் தமிழ்ப் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறாளாம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"அங்கிள், நாங்க காலர்ஸ் பேசறதை எல்லாம் முன்னாடியே ரெகார்ட் பண்ணிடுவோம். வேண்டாததை கட் பண்ணிட்டு அப்புறம் லைவ்னு போட்டுடுவோம். டென்ஷனே கிடையாது. நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

சமாளிக்கவில்லை, பயந்துகொண்டே ஓட்டினேன் என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் டெல்லிக்கு வந்தேன். கோல் மார்க்கெட் பக்கம் சித்தப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், வராந்தாவில் ஒரு கட்டில். பகலில் ஒரு செய்தி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. பிறகு சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வாராவாரம் டெல்லியைப் பற்றி ஒரு பத்தி எழுதும் வாய்ப்பு வந்தது. பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. முருங்கைக்காய் விலை, ஜனவரிக் குளிரில் பொங்கல் பொங்காத கதை, கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத கதை. எழுத்தில் பயம் குறைவு. எழுதி, அடித்து, மறுபடி எழுதி ஃபாக்ஸில் அனுப்பலாம். அனுப்பிய பிறகும் போன் போட்டு, "அந்த மூணாவது பாராவை எடுத்துடுங்க சார்" என்று கெஞ்சலாம். ஆசிரியர் என் பெயரையே மறந்துவிட்டு, "என்ன மூணாவது பாரா, சௌக்கியமா?" என்று கேட்கும் அளவுக்குக் கெஞ்சியிருக்கிறேன்.

அந்தப் பத்தியைப் படித்தவர் யாரோ சொல்லித்தான் வானொலியில் கூப்பிட்டார்கள். டெல்லித் தமிழர்களுக்காக சனிக்கிழமை காலை அரை மணி நேரம். நேயர்கள் போன் செய்வார்கள். பள்ளிக்கூட அட்மிஷன், பூஞ்சை பிடித்த சுவர், புளிக்காத இட்லி மாவு என்று எதையாவது கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை அடுத்த வாரம் சொல்வேன். நிரந்தர வேலை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். மனைவிக்கு மத்திய அரசில் குமாஸ்தா உத்தியோகம், லோதி ரோட்டில் குவார்ட்டர்ஸ். இருந்தாலும் அந்தச் சம்பளம் மட்டும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இழுத்துப்பிடித்துத்தான் போனது. எனக்கு வானொலி தேவைப்பட்டது.

வானொலியில் எழுதியதை அடிக்க முடியாது. வாயிலிருந்து போனது போனதுதான். போதாததற்கு விதிகள் வேறு. நேரலையில் யாருடைய முகவரியும் வரக் கூடாது. யார்மேலும் குற்றச்சாட்டு வரக் கூடாது. சொந்தப் புகார், சண்டை, போலீஸ் விவகாரம் எதுவும் கூடாது. நேயர் ஒருவர் தன் மேலதிகாரியைத் திட்டிவிட்டதால் எனக்கு முன்னால் இந்த நிகழ்ச்சியை நடத்தியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையை எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இந்த விதிகளுக்குக் காவல்காரர் மல்ஹோத்ரா சாப். எங்கள் நிகழ்ச்சி அதிகாரி, பஞ்சாபி. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒலிபரப்பில் தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மார்ச் மாதம் முடியும்வரை ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அரை மணி முன்னதாகவே வந்து, சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சுவர்க் கடிகாரத்தைத்தான் சந்தேகிப்பார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புரியாத பாஷையை ஒரு சொல் விடாமல் கேட்பார். "தமிழ்காரர்கள் 'ஆனா' என்று சொன்னால் அடுத்தது வம்பு. அதைக் கேட்டாலே என் விரல் பட்டனுக்குப் போய்விடுகிறது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த அளவுக்கு அவர் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்த 'ஆனா'வை மட்டும் நம்பி ஒலிபரப்பு நடத்த முடியாது அல்லவா? அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. என் மேஜையில் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கும். நேயர் விதியை மீறப்போகிறார் என்று எனக்குத் தோன்றினால் அதைத் தூக்க வேண்டும். அவர் அந்த நொடியே போன் இணைப்பை அறுத்துவிட்டு வீணை இசையைப் போட்டுவிடுவார். கேட்பவர்களுக்கு ஏதோ லைன் கோளாறு என்று தோன்றும். வருஷக்கணக்கில் இது ஒழுங்காக நடந்தது. பென்சிலின் பக்கமே கை போகாமல் இருக்க, பேசும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். யோகாசனம் மாதிரி இருக்கிறது என்று ரேவதி கேலி செய்வாள். ரேவதி பக்கத்து அறையில் நேயர்களின் போனை எடுப்பவள். பெயரையும் கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேச வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில் காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோடையில் சாப்பாடு கெட்டுப்போகாமல் வைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். ரேவதி ஒரு சீட்டைக் காட்டினாள். 'பச்சையம்மாள், சமையல் சந்தேகம்' என்றிருந்தது.

"வணக்கம், சொல்லுங்க பச்சையம்மா. எங்கேருந்து பேசறீங்க?"

"டெல்லியிலேருந்துங்க."

"டெல்லியில எங்கம்மா?"

"அது தெரியலீங்க."

புதிதாக வந்தவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. சிரித்துக்கொண்டேன். போனில் என் குரலே எனக்குத் திரும்பக் கேட்டது. வீட்டில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு போன் செய்தால் இப்படி ஆகும். ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சலித்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா, எதிரொலிக்குது."

"எங்கிட்ட ரேடியோ இல்லீங்க சார். கீழ் வூட்டுல பாடுது. அதக் கேட்டுத்தான் உங்க நம்பர மனப்பாடம் பண்ணேன்."

"அப்படியா, சந்தோஷம். என்ன சந்தேகம்?"

"அடுப்பு இல்லாம அரிசிய எப்பிடிங்க சாப்புடறது? ஊற வெச்சி மென்னு பாத்தேன், வயித்த வலிக்குது. வேற எதுனா வழி இருந்தா சொல்லுங்க."

எனக்கு உறைக்கவில்லை. அவல் வாங்கி ஊறவைக்கலாம், தயிர் சேர்க்கலாம் என்று அளந்துகொண்டிருந்தேன். கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டது, வேறு சிலிண்டர் சொல்ல அவளுக்குத் தெரியாது, வீட்டுக்கார அம்மாவும் ஐயாவும் ஊரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், சொன்ன நாளில் வரவில்லை என்றாள்.

"பக்கத்து வீட்ல கேட்டா அரை மணி நேரம் அடுப்பு தர மாட்டாங்களா?"

"கதவு வெளிப்பக்கம் பூட்டிக் கெடக்குதுங்களே சார்."

கூட்டுக்கு உப்புப் போதவில்லை என்பதுபோலத்தான் சொன்னாள். இவளுடைய பெயர், வீட்டுக்காரர்கள் ஊர், போன நாள் எல்லாவற்றையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தேன். பென்சிலைத் தூக்கினேன்.

வீணை ஒலித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மல்ஹோத்ரா சாப் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற முகம். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பயந்தவர்களுக்குக் கத்தவும் வராது. எழுந்து ஓடி அவர் அறைக் கதவைத் தள்ளினேன்.

"சார், ஏக் ஔரத் பந்த் ஹை. பாஹர் ஸே தாலா. கானா நஹீ." என் இந்தியில் அவ்வளவுதான் வந்தது. ஒரு பெண் உள்ளே, வெளியே பூட்டு, சாப்பாடு இல்லை.

"நம்பர்?"

எங்கள் போனில் எண் தெரியும் வசதி கிடையாது. இல்லை என்று தலையாட்டினேன்.

"அட்ரஸ்?"

அதற்கும் அதே தலையாட்டல். போலீஸுக்குச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? டெல்லியில் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தமிழ்ப் பெண் என்றா? வீணை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னோடு எழுந்து ஸ்டூடியோவுக்குள் வந்தார். ஒலிபரப்பு நேரத்தில் அவர் அப்படி உள்ளே வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேஜையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப் போலோ," என்றார். இப்போது பேசு.

பேசினேன். "பச்சையம்மா, லைன் போயிடுச்சு. நீங்க தப்பா எதுவும் சொல்லலை. தயவுசெஞ்சு மறுபடியும் போன் பண்ணுங்க. மத்த நேயர்கள் எல்லாரும் உடனே போனை வெச்சுடுங்க."

வைப்பார்களா நம் ஜனங்கள்? ஊரே திரண்டு போன் செய்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு அம்மா அவலுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள். ரேவதி எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது தெரிந்தது. நான் மைக்கில் என்னத்தையோ பேசி நேரத்தை நிரப்பினேன், எதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அவள் பயந்துபோய் இனி போனே செய்ய மாட்டாள் என்றுதான் உறுதியாக நினைத்தேன்.

ரேவதி கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணா, அவங்கதான்!"

"சார், நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா? எங்க ஐயா பேரு நான் சொல்லவே இல்ல சார். அவுங்க நல்லவுங்க. திருடன் வருவான்னு என் நல்லதுக்குத்தான் பூட்டுனாங்க. சத்தம் போட்டா அவுங்க மானம் போயிடும்னு பேசாம கெடந்தேன்."

"சரிம்மா. இப்ப கீழ் வீட்டு ரேடியோ பாடுதா?"

"பாடுதுங்க. நல்லா சத்தமா."

அந்தப் பாழாய்ப்போன எதிரொலி இப்போது எனக்குத் தெய்வமாகப் பட்டது. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் அவளுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். முகவரி வேண்டியதில்லை. அவரிடம் பேசினால் போதும். நான் சொல்வதை அவர் கேட்கிறாரா என்று முதலில் பார்த்துவிடலாம்.

"நேயர்களே, எல்லாரும் ஒருமுறை உங்கள் ரேடியோவை அணைத்து, உடனே போடுங்கள்."

போனில் எதிரொலி நின்றது. மறுபடியும் வந்தது.

"நின்னுட்டு பாடுதுங்க சார்!" என்றாள் அவள்.

"ஐயா, அல்லது அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி. எழுந்து, உங்கள் தலைக்கு மேலிருக்கிற வீட்டின் கதவை இப்போதே போய்த் தட்டுங்கள்."

இதைக் கேட்டு டெல்லியில் எத்தனை தமிழர்கள் மாடியேறி எத்தனை பஞ்சாபிகளின் கதவைத் தட்டினார்கள் என்பது தனிக் கதை. பல வாரங்களுக்கு அதைப் பற்றியே பேசினார்கள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கடிகாரம்தான். அரை மணி முடிந்ததும் செய்தி அறிக்கைக்கு மாறிவிடும், யாராலும் நிறுத்த முடியாது. வணக்கம் கூடச் சொல்லவில்லை. "யாரோ தட்றாங்க சார்!" என்று அவள் சொல்வது பாதியில் இருக்கும்போதே எங்கள் ஒலிபரப்பு அறுந்தது.

நல்லவேளை, போன் இணைப்பு இருந்தது. அவள் ரிசீவரை அப்படியே வைத்துவிட்டுக் கதவுக்கு ஓடியிருக்கிறாள். மல்ஹோத்ரா சாப், ரேவதி, நான் மூவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக் கேட்டோம். தூரத்தில் ஒரு வயதான குரல் கதவுக்கு வெளியே கத்தியது.

"யாரது உள்ளே? பேசுங்கோ! சத்தமாப் பேசுங்கோ!"

"நான்தாங்க, உள்ள இருக்கேன்!"

"யாரது? ஒண்ணும் கேக்கலையே!"

அவருக்குக் காது மந்தம். அதனால்தான் ரேடியோ அத்தனை சத்தம். இப்போது அவள் உயிரைக் கொடுத்துக் கத்துகிறாள், அவருக்குக் கேட்கவில்லை. போய்விடப் போகிறார், ஆளில்லை என்று நினைத்து இறங்கிவிடப் போகிறார் என்று நான் புலம்பினேன். அவர் போகவில்லை. கதவில் காதை ஒட்டிக்கொண்டாராம், பின்னால் சொன்னார். பெயர் சுந்தரேசன், தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கத்திச் சொன்ன விலாசத்தைப் பச்சையம்மாள் ஓடி வந்து போனில் ஒப்பித்தாள். மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு.

மல்ஹோத்ரா சாப் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். நிஜாமுதீன் பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றபோது அடக்க முடியாமல் கேட்டேன், "சார், ரிப்போர்ட்டில் என்ன எழுதப் போகிறீர்கள்? எல்லா விதியும் போய்விட்டதே."

திரும்பாமலே இந்தியில் சொன்னார்: "எனக்குத் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பிற்பாடு அந்த வீட்டுக்காரர் தன் மானத்தை வானொலி வாங்கிவிட்டதாகப் புகார் அனுப்பியபோதும் அவர் இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். என்னை அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள்.

குடியிருப்பின் செயலாளர் பூட்டில் கை வைக்கப் பயந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என் இனம். "உறுப்பினர் இல்லாத நேரத்தில் பூட்டை உடைத்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றார்.

"உடைக்காவிட்டாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்," என்றார் மல்ஹோத்ரா சாப். "எந்தப் பதில் சுலபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்."

ஒரு கான்ஸ்டபிளை வரவழைத்தோம். பூட்டுக்காரர் வந்து திறந்தார். கதவுக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே வா என்று கூப்பிட்டோம். வரவில்லை.

"எல்லாரும் உள்ள வாங்க சார். பீரோ, டீவி, பாத்திரம் எல்லாம் இருக்குதான்னு பாருங்க. பாத்துட்டு வாயால சொல்லுங்க. நாளைக்கி எதுனா காணோம்னா என்னத்தான கேப்பாங்க?"

சுந்தரேசன், செயலாளர், கான்ஸ்டபிள், நாங்கள் இருவர், எல்லோரும் அறை அறையாகப் போய்ப் பார்த்தோம். எல்லாம் இருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன், மல்ஹோத்ரா சாப் இந்தியில் சொன்னார். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் ஊறிய அரிசி புளித்து நுரைத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவல் வாங்கிக்கொள்ளச் சொன்னவன் நான்.

சுந்தரேசனின் மனைவி ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்தார். ஊருக்கு ரயிலேற்றும்வரை தங்கள் வீட்டிலேயே அவள் இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். பச்சையம்மாள் நின்றபடியே கொஞ்சம் குடித்தாள். பிறகு வாக்குமூலம் கொடுக்கக் கான்ஸ்டபிளோடு போக வேண்டியிருந்ததால் எல்லோருமாகப் படியிறங்கினோம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே வெயிலில் வந்து நின்றதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல எது சார் நான் இருந்த வூடு?"

பனிக்காலத்தில் இருட்டோடு காரில் கொண்டுவந்து இறக்கினார்களாம். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. தான் இருந்த வீட்டை அவள் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி கூலர் தொங்கியது. சுந்தரேசன் கீழேயிருந்து விரல்விட்டு எண்ணித்தான் காட்ட வேண்டியிருந்தது.

அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில், மேலே, எதிர்க் கட்டடத்தில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இத்தினி வூட்டுலயும் ஆளு இருக்காங்களா சார்?"

"இருக்கா, இருக்கா. எல்லா வீட்லயும் இருக்கா," என்றார் சுந்தரேசன்.

"மானம் போயிடும்னு மொத ரெண்டு நாளு பேசாமத்தான் கெடந்தேன். அப்பறம் பசி தாங்கலீங்க. ஜன்னல் கம்பில சோத்துத் தட்ட வெச்சி தட்டிக்கிட்டே இருந்தேன். பகல்லாம் தட்டுனேன்."

மல்ஹோத்ரா சாப் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. செயலாளர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இரண்டு மூன்று ஜன்னல்களில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உள்ளே நகர்ந்தார்கள்.

சுந்தரேசன் தன் காதைத் தொட்டுக் காட்டி, "நேக்கு இது சரியாக் கேக்காதும்மா," என்றார். அவருக்காவது அந்தக் காரணம் இருந்தது.